முப்பதாம் நாள் சொன்ன சொல்

நாகல் நகர், திண்டுக்கல்
12 நவம்பர் 2025

அன்புள்ள மேரியக்காவுக்கு,

தஹ்சீன் ஸலாம் சொல்லி எழுதுகிறேன். நீங்கள் நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வத்தலக்குண்டில் ஜெரோம் வீடு மாடியில் என்று கேள்விப்பட்டேன். அடிக்கடி ஏறி இறங்க வேண்டாம்.

பதினோரு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை உங்கள் மகன்தான் எடுத்தான். "அம்மா தூங்குறாங்க அத்தை" என்றான். காலை எட்டு மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சரி, பிள்ளையை எதற்குப் பொய் சொல்ல வைக்க வேண்டும் என்று இன்லேண்ட் லெட்டர் வாங்கிவந்து எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருஷம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவர், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் போடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

கல்லறைத் திருநாளுக்கு வந்திருந்தீர்களாம். உங்கள் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் அண்ணன் கல்லறைக்குச் செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டீர்களாம். தெருமுனையில் பூ விற்கிற பேச்சாயி சொன்னாள். நம் தெருவுக்குள் வரவில்லை. அன்று காலையிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் சேலைகளுக்கு ஓரம் தைத்தேன். இரண்டு சேலையைக் கோணலாகத் தைத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று.

அக்கா, அண்ணனுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாடு நடந்த வீட்டில் நான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கக் கூடாது. சோறும் தால்ச்சாவும் கொண்டுவந்த அதே பையில், தூக்குவாளிக்கு அடியில் வைத்து எடுத்து வந்தேன். எங்கள் மார்க்கத்தைப் பற்றிச் சொல்கிற சின்னப் புத்தகம். அதில் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கா கொடுப்பது? கொடுத்ததோடு நிற்காமல் வாயைத் திறந்து பேசவும் செய்தேன். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மே மாதம் நான் ஹஜ்ஜுக்குப் போவது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தந்தவரே நீங்கள்தான். கிளம்புவதற்கு முன்னால், பழகிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "நான் ஏதும் தப்புச் செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க" என்று கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். மனுஷருக்குச் செய்த தப்பை அந்த மனுஷர்தான் மன்னிக்க வேண்டும். அதில் அல்லாஹ் குறுக்கே வரமாட்டான் என்பார்கள். எல்லார் வீட்டுக்கும் நான் போய்விடுவேன். உங்கள் வீட்டுக்குத்தான் போக வழியில்லை. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது இல்லாமல் நான் எந்த முகத்தோடு விமானம் ஏறுவது?

தஹ்சீன்


வத்தலக்குண்டு
25 நவம்பர் 2025

தஹ்சீனுக்கு,

கடிதம் வந்தது. பின்கோடில் ஓர் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறாய். ஊரெல்லாம் சுற்றிவிட்டு எட்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. இத்தனை வருஷம் என்னோடு பழகியும் பின்கோடு எழுதத் தெரியவில்லை.

பெற மறுக்கப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படித் திரும்பி வந்த கடிதங்களைக் கையில் கொடுத்து, அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்தவள் நான். அதனால் கை வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். முப்பத்தோரு வருஷமாக என்னை நீ என்று கூப்பிட்டவள், இப்போது நீங்கள் என்று எழுதுகிறாய். கோபப்பட்டது நான். மரியாதை கொடுத்துத் தள்ளி நிற்கிறது நீயா?

புத்தகத்துக்காகத்தான் கோபம் என்று நீயாக நினைத்துக்கொண்டால் அப்படியே இருக்கட்டும். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. படிக்கவில்லை. தூரப் போடவும் இல்லை. அதில் அரபு எழுத்து இருக்கிறது, அதைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். பீரோவில் என் பட்டுச் சேலைக்கு மேலே வைத்திருக்கிறேன்.

இங்கே குறை ஒன்றும் இல்லை. மருமகள் இசைவாணி நல்ல பெண். காபி நேரத்துக்கு வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணி வரைக்கும் வீட்டில் நானும் ஃபிரிட்ஜ் சத்தமும்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்பதால் கண்டக்டர்கள் கத்துவது கேட்கும். கொடைக்கானல் பஸ் எது எத்தனை மணிக்கு என்று எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஏறிப் போவதற்கு ஆள் இல்லை. அவர் இருந்தபோது, "ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன் மேரி, ஆட்டோவுலயே போயிருவோம்" என்று இருபது வருஷம் சொன்னார்.

மன்னிப்பை ஒரு வரியில் எழுதி அனுப்ப அது என்ன மணியார்டரா?

ஆனந்தமேரி


நாகல் நகர்
9 டிசம்பர் 2025

அக்கா,

நீ என்றே எழுதுகிறேன். திட்டு வாங்கியதில் அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். பின்கோடை இந்தத் தடவை போஸ்ட்மேனிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நூல்கண்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் துணி எடுக்கிற கூட்டம் நெரிகிறது. தனியாகப் போய் வந்தேன். நீ இருந்தால், கறுப்பு புர்காக்களுக்கு நடுவில் என்னைத் தொலைத்துவிடுவாய் என்று என் புர்கா ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வருவாய். ஒரு ரம்ஜான் கூட்டத்தில் வேறொருத்தியைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே பேகம்பூர் வரைக்கும் போய்விட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மாளும் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாளாம்! நானும் அண்ணனும் ஆட்டோவில் தேடிப் பிடித்தோம். அதை நினைத்து நூல் கடையில் நின்று சிரித்துவிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி வரும்போது பின்னால் யாரும் பிடிக்காத துணி கனமில்லாமல் பறந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை பெண்கள் பயானுக்கு நான் போவது உனக்குத் தெரியும். சொற்பொழிவு செய்கிற ஆலிமா ஹாஜராவுக்கு இருபத்தெட்டு வயதுதான், ஆனால் நிறைய ஓதிய பிள்ளை. அண்ணன் போவதற்கு ஒரு மாதம் முன்னால் இருக்கும். அன்றைக்குப் பயானில், நல்லதன் பக்கம் மற்றவர்களை அழைப்பது ஒவ்வொருவர் மேலும் கடமை என்று பேசினாள். "நாளைக்கு மறுமையில, எல்லாரையும் எழுப்பி நிறுத்தியிருக்கிற அந்தக் கூட்டத்துல, பக்கத்து வீட்டுக்காரவங்க வந்து உங்க துணியப் பிடிப்பாங்க. 'இவளுக்கு எல்லாம் தெரியும், ஒரு நாளாவது எங்கிட்டச் சொன்னாளா'ன்னு அல்லாஹ்கிட்ட முறையிடுவாங்க" என்றாள்.

மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நான் டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பக்கத்து வீடு என்றால் நீதானே. கத்தரிக்காய் விலையிலிருந்து என் கர்ப்பப்பை ஆபரேஷன் வரை உன்னிடம் சொல்லாதது ஒன்றுமில்லை. இதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் நீ கோபப்படுவாயோ என்று பயம். நாளை சொல்வோம், நாளை சொல்வோம் என்று இருந்தேன். அதற்குள் அண்ணன் போய்விட்டார். ஒரு ஆளைத் தவறவிட்டோம், இன்னொரு ஆளையும் விட்டுவிடக் கூடாது என்று பதறிப் போய் ஓடி வந்தேன். உன் மேல் பிரியம் இல்லாவிட்டால் எனக்கென்ன என்று இருந்திருப்பேன் அக்கா. இதையாவது நம்பு.

தஹ்சீன்


வத்தலக்குண்டு
28 டிசம்பர் 2025

தஹ்சீன்,

கிறிஸ்துமஸ் முடிந்தது. இங்கே மின்சார ஸ்டார், தானாகவே நிறம் மாறுகிறது. மூங்கில் சீவி, தாள் ஒட்டி, "மேரி, ஏணியப் பிடி, ஆட்டாத" என்று கத்துகிற ஆள் இல்லை. நடுச்சாமப் பூசைக்கு என்னால் உட்கார முடியாது என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். நான் டிவியில் பூசை பார்த்தேன். நீ வருஷா வருஷம் காலையில் பிரியாணி கொண்டு வருவாய். இந்த வருஷம் பதினோரு மணி வரைக்கும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

பிரியத்தில் சொன்னாய் என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்னதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, "அண்ணன் மாதிரி நீயும் அப்படியே போயிறக் கூடாதுக்கா" என்றாய். முப்பது நாள்தான் ஆகியிருந்தது. அவர் சட்டை இன்னும் கொடியில் தொங்கியது.

அவர் எப்படிப் போனார் தஹ்சீன்? எங்கே போனார்? நீ போய்ப் பார்த்துவிட்டு வந்தாயா?

இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஜெரோமிடம்கூட. பெட்டியை மூடுவதற்கு முன்னால் நான் உன் கையைப் பிடித்துக் கேட்டேன். "உங்க வழக்கப்படி அவருக்கு ஒரு துஆ சொல்லு புள்ள. உன் நோன்புக் கஞ்சின்னா அவருக்கு உசுரு" என்றேன். நீ என் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாய். கூட்டத்தில் காது கேட்கவில்லை போல என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். நீ எழுந்து வெளியே போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரர் கமால் பாயை இரண்டு வருஷம், வாரத்துக்கு இரண்டு நாள், டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். பாய் போனபோது நான் கூடத்து மூலையில் உட்கார்ந்து ஜெபமாலை முழுதும் சொன்னேன். என் சாமி ஒத்துக்கொள்ளுமா, உன் சாமி ஒத்துக்கொள்ளுமா என்று யாரையும் கேட்டுக்கொண்டா சொன்னேன்?

புத்தகத்தை மன்னிக்க ஒரு நிமிஷம் போதும். அந்தச் சுவரை நீ பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனந்தமேரி


நாகல் நகர்
22 ஜனவரி 2026

அக்கா,

பதில் எழுதி மூன்று இன்லேண்டைக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்குத் தெரியாது. அண்ணன் எங்கே என்று அறிந்தவன் ஒருவன்தான், அவன் என்னிடம் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவள் மாதிரி பேசினேன். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. நீ மறந்திருப்பாய் என்று நான்தான் ஆசைப்பட்டேன்.

ஆலிமா ஹாஜராவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்வாள் என்று ஒரு ஓரத்தில் எனக்கு எதிர்பார்ப்பு இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தப் பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டது. "ஏன் பெரியம்மா, முப்பதாம் நாள் வீட்டுலயா போய்ச் சொல்லுவீங்க? அழைக்கிறதுக்கு ஒரு பதம் இருக்கு, நேரம் இருக்குல்ல. அழுதுக்கிட்டு இருக்கவங்களுக்குச் சோறு கொண்டுபோனீங்க பாருங்க, அதுதான் அன்னிக்கு அழைப்பு. அதோட திரும்பி வந்திருக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் மைக்கப் பிடிச்சு எல்லாருக்கும் பொதுவாத்தான் பேசினேன். நீங்க அதை இப்படி நெஞ்சுல போட்டுக்கிட்டு ஓடுவீங்கன்னு நினைக்கலையே" என்று அவளும் அழுதாள். அவளை நான் தேற்ற வேண்டியதாயிற்று.

சுவரைப் பார்த்ததற்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதுவேன். இப்போது முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் வந்தான். உன் வீட்டை வாடகைக்குப் பார்க்க ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தான். ஜன்னலை எல்லாம் திறந்து பார்த்தார்கள். அண்ணன் ஆட்டோ நிற்கிற இடத்தில் அவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே இன்னும் எண்ணெய்க் கறை இருக்கிறது. "ஏனுங்க, இந்தக் கறை போகுங்களா" என்று அந்தப் பெண் கேட்டாள். பழனிப் பக்கத்துக்காரி. நல்ல முகம்தான். எனக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை.

நீ திரும்பி வரவே மாட்டாயா?

தஹ்சீன்


வத்தலக்குண்டு
18 பிப்ரவரி 2026

தஹ்சீனுக்கு,

இன்று சாம்பல் புதன். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசி வந்திருக்கிறேன். மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று நினைவுபடுத்துகிற நாள். அது எனக்கு இந்த வருஷம் யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. நாளைக்கு உங்களுக்கு நோன்பு ஆரம்பம் என்று இசைவாணி போனில் பார்த்துச் சொன்னாள். ஆக, நீயும் பட்டினி, நானும் பட்டினி. ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் தண்ணீர் குடித்தாயா என்று கேலி செய்யத்தான் ஆள் இல்லை.

வீட்டை அந்தப் பழனிக்காரர்களுக்கே விட்டாயிற்று. சித்திரையில் குடிவருகிறார்கள். நான் திரும்பி வரப்போவதில்லை. தனியாக இருக்க ஜெரோம் விடமாட்டான், என்னாலும் முடியாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், தவக்காலம், செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிற பாவசங்கீர்த்தனத்துக்குத்தானே. கோயிலில் மன்றாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. நம் வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போட்டால் பூசையில் வைத்து வேண்டிக்கொள்வார்கள். நாம் பழகிய இரண்டாம் வருஷத்திலிருந்து, ஒவ்வொரு தவக்காலத்திலும் நான் ஒரே சீட்டைத்தான் போட்டுவந்தேன். "என் தங்கை தஹ்சீன் ஆண்டவரை அறிய வேண்டும்." முப்பது சீட்டு இருக்கும். ஒரு வருஷம் விட்டதில்லை. உன் வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, அந்த வாயோடு போய்த்தான் எழுதிப் போடுவேன்.

நீ ஒரு தடவை என் முகத்துக்கு நேரே கேட்டாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் முப்பது தடவை கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள்தான் பெரிய மனுஷி மாதிரி உன்னை வாசலோடு விரட்டினேன். நான் நல்ல நேரம் பார்த்துப் பெட்டியில் போட்டேன். நீ கெட்ட நேரத்தில் மடியில் வைத்தாய். வித்தியாசம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஆனாலும் சுவர் சுவர்தான். அதற்குப் பதில் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீ மக்காவுக்குப் போய் எனக்காக என்ன கேட்பாய்? அவருக்காக என்ன கேட்பாய்? என் மனசு குளிர வேண்டும் என்று எதையாவது எழுதாதே. உண்மையை எழுது. மன்னிப்பைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

ஆனந்தமேரி


நாகல் நகர்
14 மார்ச் 2026

அக்கா,

முப்பது சீட்டா? அடிப்பாவி! படித்துவிட்டுச் செத்த நேரம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். என்னைப் பார்த்தால் அறியாதவள் மாதிரியா இருக்கிறது என்று வந்தது. அப்புறம்தான் உனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது. அப்புறம் அழுதேன். என்னைத் தங்கை என்று எழுதிப் போட்டிருக்கிறாயே, அதற்காக.

இன்றைக்கு இருபத்து நான்காவது நோன்பு. அஸர் தொழுதுவிட்டுத் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு நானே போய்க் கஞ்சி வாங்கி வருகிறேன். வழக்கம் போலப் பெரிய வாளியைத்தான் எடுத்துப் போகிறேன். பாதிக் கஞ்சி மிஞ்சிப்போய், பேச்சாயி வீட்டுக்குக் கொடுக்கிறேன்.

சுவருக்குப் பதில் சொல்கிறேன். நீ துஆ கேட்டபோது எனக்குக் காது கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது. எங்கள் மார்க்கத்தில் இல்லாமல் போனவர்களுக்கு மன்னிப்புக் கேட்டுத் துஆ செய்யக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சும்மா உதட்டை அசைத்துவிட்டு, கேட்டுவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லியிருக்கலாம். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. அதனால்தான் சுவரைப் பார்த்தேன். வெளியே போய் உங்கள் குழாயடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீ பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து நான் ஒன்று செய்து வருகிறேன். இதுவரை யாருக்கும் தெரியாது. தினமும் அஸர் தொழுத பிறகு, பாயில் உட்கார்ந்து அல்லாஹ்விடம் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். எதையும் கேட்பதில்லை. சொல்வது மட்டும்தான்.

யா அல்லாஹ், என் வீட்டுக்காரருக்கு ஊசி குத்திய இடம் வலிக்கக் கூடாது என்று அந்த மனுஷன் பள்ளம் பார்த்துப் பார்த்து, சைக்கிளை விட மெதுவாக ஆட்டோ ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தவனை, "ஏலே, உனக்கு அவசரம்னா பறந்து போ" என்றார். தன் வீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து ஆட்டோவில் வைத்தார். என் வீட்டுக்காரர் படுத்தபடி கிடந்த ரம்ஜானில் என்னால் நகர முடியாது என்று, பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் தினமும் அவர் போய் நின்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்டால், "எங்க வீட்டுக்குத்தான்" என்பார். என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன அன்றைக்குச் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்து, செருப்பில்லாமல் கபர்ஸ்தான் வரைக்கும் நடந்தார். யா அல்லாஹ், இதெல்லாம் நடந்தது. நான் பார்த்தேன். நான் சாட்சி.

இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை. ஆமீன்கூடச் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு பாயைச் சுருட்டிவிடுவேன். இது கூடுமா, கூடாதா என்று ஆலிமாவிடம் கேட்கவில்லை. கூடாது என்று அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஹஜ்ஜில் அரஃபா மைதானத்தில் நிற்கும்போதும் இதையேதான் சொல்வேன். சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

உனக்காக என்ன கேட்பேன் என்றால், பயந்துகொண்டே எழுதுகிறேன், அன்றைக்குக் கேட்டதையேதான் கேட்பேன். நீ என் வழிக்கு வரவேண்டும் என்று. எனக்குத் தெரிந்ததிலேயே நல்லது அதுதான் அக்கா. அதை உனக்குக் கேட்காமல் வேறு எதையாவது கேட்டால், உன்னைக் குறைவாக வைத்ததாக ஆகிவிடும். கோபம் வந்தால் கோபப்பட்டுக்கொள். ஆனால் இனி உன் முன்னால் அதைப் பேசமாட்டேன். நீயாகக் கேட்டால் ஒழிய.

மே மூன்றாம் தேதி சென்னையிலிருந்து விமானம். நானும் தம்பியும் அவன் மனைவியும். இரண்டாம் தேதி மத்தியானம் இங்கிருந்து கிளம்புகிறோம். தெருவில் எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று. கறை போகுமா என்று கேட்ட பழனிக்காரி முன்பணம் கொடுக்க வந்திருந்தாள், மனசுக்குள் அவளைத் திட்டியதற்கு அவளிடமும் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, எங்கிட்ட எதுக்குங்க" என்று முழித்தாள்.

நீ ஒருத்திதான் பாக்கி.

தஹ்சீன்


வத்தலக்குண்டு
6 ஏப்ரல் 2026

தஹ்சீனு,

நேற்று ஈஸ்டர். உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். ஜெரோமுக்கு அந்த ஆட்டோப் பகுதியை வாசித்துக் காட்டினேன். "ஏலே, உனக்கு அவசரம்னா பறந்து போ" என்கிற இடத்தில் அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அப்பா போனதற்கு அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தலையணை என் தலையணை தெரியுமா? எங்கே போனது என்று மூன்று நாள் தேடினேன். கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்றார். பாவி மனுஷன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த எனக்கே தெரியாததை நீ தினமும் மேலே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அவருக்காக இத்தனை மாதத்தில் எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். பேரைச் சொல்லி, இளைப்பாற்றி கொடு என்று ஒரு வரி. நானும் அப்படித்தான். அவர் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னவள் நீ மட்டும்தான். ஆலிமாவிடம் கேட்காதே. கேட்கவே கேட்காதே. நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மன்னித்தேன். நீ சுவரைப் பார்த்ததற்கும், மடியில் வைத்ததற்கும், சொன்னதற்கும், எல்லாவற்றுக்கும். நீயும் என்னை மன்னித்துவிடு. வாசலோடு விரட்டினதற்கு. சீட்டுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இந்தத் தவக்காலத்திலும் போட்டேன். நீ அரஃபாவில் கேட்கப்போவதைக் கேள், நான் பெட்டியில் போடுவதைப் போடுகிறேன். இரண்டு பேரும் நிறுத்தப்போவதில்லை, பிறகு எதற்கு ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டு?

இரண்டாம் தேதி வழியனுப்ப வருவேன். முதல் பஸ்ஸில் ஜெரோம் ஏற்றிவிடுவான். தெருவுக்குள் வரமாட்டேன். அந்த வாசலில் வேறு வண்டி நிற்பதைப் பார்க்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. முனையில் பேச்சாயி பூக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் வண்டியை அங்கே நிறுத்தச் சொல். அந்தப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவேன். புத்தகத்தை இசைவாணியின் சேலைக்கு மேலே மாற்றி வைத்துவிட்டேன், பயப்படாதே.

அப்புறம், உன்னை டீ குடிக்கவிடாமல் செய்த அந்த விஷயம். மறுமையில் பக்கத்து வீட்டுக்காரி வந்து துணியைப் பிடித்து முறையிடுவாள் என்று பயந்து ஓடி வந்தாயே. கேட்டுக்கொள். நீ எனக்குச் சொன்னாய். நான் பெற்றுக்கொண்டேன். ரெஜிஸ்டர் தபாலுக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தருகிற மாதிரி, தேதி போட்டு எழுதித் தருகிறேன். அங்கே என்னை யாராவது விசாரித்தால், "அவ சொன்னா, நான்தான் வரமாட்டேன்னுட்டேன்" என்று உன் பக்கம்தான் சாட்சி சொல்வேன். உன் மேல் ஒரு பழியும் வராது.

ஆனால் துணியைப் பிடிக்கமாட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கண்டிப்பாகப் பிடிப்பேன். அம்புட்டுக் கூட்டத்துல உன்ன விட்டா எனக்கு யாரைத் தெரியும் புள்ள?

ஆனந்தமேரி